சத்தமில்லாத பால் வண்டி

என் தங்கை இருளம்மாள் முப்பத்தைந்து வயதுக்குள் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலைச் சூம்பவைத்துவிட்டது. நடக்கமாட்டாள் என்றார்கள், ஆட்டுக்குப் பின்னால் நடந்து நடந்தே காலை ஊன்றக் கற்றுக்கொண்டாள். கட்டிக்கொடுக்க முடியாது என்றார்கள். கள்ளியேந்தலில் முனியசாமிக்கு வாக்கப்பட்டாள். பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போன ஒற்றைக் கிடாரியை நாலு கறவை மாடாக்கினாள். புருஷன் போன பிறகு கைமாறிப்போன புதுமடம் பால் வாடிக்கையைத் திரும்ப வாங்கினாள். எங்கள் பக்கத்தில் பேட்டரி வண்டி ஓட்டிய முதல் பெண் அவள்தான்; அப்போது ஆண்களிலும் யாரும் ஓட்டவில்லை. தன் பெயரில் மீட்டர் வைத்து மின் இணைப்பும் வாங்கினாள். இதில் எதற்காகவும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லாம் அவள் செய்ததுதான்.

நாங்கள் கூலி வேலை செய்யும் குடும்பம். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். நான் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு உச்சிப்புளியில் தையல் கடை வைத்தேன். 1974இல் பிறந்த இருளம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கால் சரியில்லாதவளை அவ்வளவு தூரம் யார் தூக்கிக்கொண்டு போவது என்று அய்யா ஆட்டுக்கு அனுப்பினார். அந்த ஆடுகளும் அவ்வளவு தூரம் நடந்தன என்பது யாருக்கும் தோன்றவில்லை.

முனியசாமி நல்ல மனுஷன். காலையில் தங்கச்சி கறப்பாள்; அவர் இரண்டு கேன்களையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து கிளை பிரிகிற உச்சிப்புளி விலக்கைக் கடந்து கடற்கரையில் இருக்கிற புதுமடத்துக்குப் போவார். வழியெல்லாம் வண்டி படபடவென்று அடித்துக்கொண்டு போகும். புதுமடத்தில் பெண்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பாத்திரத்தோடு வாசல் கதவுக்கு வருவார்கள். அவர் பால் என்று கூவியதே கிடையாது.

2008 தை மாதம் ஒரு காலை, பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது விலக்கில் வண்டி சறுக்கியது. இராமேஸ்வரத்திலிருந்து வருகிற மீன் லாரிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே போகும். அதில் மீன் கொழுப்பும் கலந்திருப்பதால் தார் ரோடு எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும். முனியசாமிக்கு அது தெரியாததல்ல. தினமும் அந்த இடத்தில் காலை ஊன்றித்தான் கடப்பார். அன்றைக்கும் அப்படித்தான் கடந்திருப்பார். பின்னால் வந்தவன் நிறுத்தவில்லை.

இராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் உடலை வாங்குவதற்கு இருளம்மாளைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாடுகள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன. கூட்டம் அழுதுகொண்டிருக்க அவள் தொழுவத்துக்குப் போய்ச் சொம்பை எடுத்துக் கறக்க உட்கார்ந்தாள். கட்டைவிரலில் இருந்த ஊதா மை காம்பில் பட்டு, முதல் பீச்சில் நிறம் மாறிய பால் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். சொம்பைக் கவிழ்த்துவிட்டு, கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுபடியும் கறந்தாள். மை போகவில்லை. பக்கத்தில் நான் நின்றதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் அவளிடம் பேசினால் சரி என்பாள், இல்லை என்பாள். அவ்வளவுதான். முனியசாமியின் தம்பி சின்னச்சாமி, தன் மாட்டுப் பாலோடு அண்ணன் வீட்டுப் பாலையும் சேர்த்துப் புதுமடத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினான். அண்ணன் மொபெட்டை வீட்டு மூலையில் அப்படியே விட்டுவிட்டுத் தன் வண்டியில்தான் போனான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் கேனில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பான். அந்தக் கேனில்தான் தங்கச்சி கறந்த பாலும் விழுந்தது. புதுமடத்தில் முனியசாமி வீட்டுப் பால் என்றால் மறுபேச்சு இருந்ததில்லை. அந்தப் பேர் தினம் ஒரு சொம்பு தண்ணீராகக் குறைந்துகொண்டு வந்தது.

அவளாகக் கொண்டுபோக வழியில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு அந்தக் காலால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. சைக்கிள் மிதிக்க முடியாது. மொபெட்டையும் மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். சின்னச்சாமி ஒருநாள் என் கடைக்கே வந்து, புதுமடம் வாடிக்கையை இனித் தன் வாடிக்கை என்றே வைத்துக்கொள்வதாகவும், மதினிக்குப் பாலுக்கு உண்டானதைக் குறைவில்லாமல் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனான். நான் போய்ச் சொன்னபோது இருளம்மாள், "அவரு ஊத்துன வீடு" என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்துதான் அவளுக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

புதுமடத்தில் காலிதா என்று ஒரு அம்மா. முனியசாமி முதன்முதலில் பால் ஊற்றிய வீடு. தைத்த துணியைக் கொடுக்கப் போனபோது அவர்கள் முற்றத்தில் ஒரு ஸ்கூட்டர் சாக்குப் போர்த்தி நின்றது. மகள் கல்லூரிக்குப் போய்வர வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கிக்கொடுத்த பேட்டரி வண்டியாம். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். உப்புக் காற்றில் வண்டி நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தது. விற்கலாமே என்றேன்.

"யாரு வாங்குவா? ஆம்பளைக பார்த்துச் சிரிக்கிறாக. வேகமா போவாதாம், சத்தமும் வராதாம். உதைக்க வேணாம், மிதிக்க வேணாம், சாவியைத் திருப்புனா போவுது. லைசென்ஸும் வேணாம், நம்பரும் வேணாம். இது என்ன வண்டின்னு கேக்குறாக" என்றார்கள் காலிதா.

உதைக்க வேண்டாம், மிதிக்க வேண்டாம் என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நான் அங்கேயே நின்று யோசித்தேன். யாருக்கு என்று சொன்னதும் காலிதா சாக்கைத் தானே இழுத்துப் போட்டார்கள். விலையைப் பாலில் கழித்துக்கொள்ளலாம் என்றும், தங்கச்சி கையால் ஊற்றுகிற பாலாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கண்மாய் அப்போது வறண்டு கிடந்தது. அதற்குள்தான் ஓட்டிப் பழகினாள். மூன்று தடவை இடது பக்கம் விழுந்தாள். அந்தக் காலை ஊன்ற முடியாததால் வண்டியும் அந்தப் பக்கமே சாய்ந்தது. பிறகு, நிறுத்தும்போதெல்லாம் உடம்பை வலது பக்கம் கொண்டுபோய் வலது காலை ஊன்றுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டாள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சோலையம்மாள், வயசான பொம்பளை, "புருஷனை முழுங்குன ரோட்டுக்கே போறாளாம், அதுவும் ஊமை வண்டியில" என்றாள். இருளம்மாளுக்குக் கேட்டது. விழுந்த இடத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்ப ஏறினாள். கோபம் வந்திருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் நாள் கேன்களைக் கால் வைக்கிற தட்டில் நிறுத்திக் கயிறு போட்டுக்கொண்டு கிளம்பினாள். விலக்கில் இறங்கி, வண்டியை உருட்டியே ரோட்டைக் கடந்தாள். பிற்பாடும் அந்த இடத்தில் அவள் ஏறிப்போனதில்லை. புதுமடம் போய்த் தெருவில் நின்றாள். யாரும் வரவில்லை. அடுத்த தெருவுக்குப் போய் நின்றாள். அங்கும் யாரும் வரவில்லை. கதவுக்குப் பின்னால் எல்லாரும் வழக்கமான சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். வண்டிதான் சத்தமே போடவில்லை. கூவிப் பால் விற்ற வீடில்லை என்பதால் அவளுக்குக் கூவவும் வரவில்லை. வெயில் ஏறி, பாதிப் பாலோடு காலிதா வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள்.

"பூனை கணக்கா வந்து நின்னா யாருக்குப் புள்ள தெரியும்? எதையாச்சும் கட்டித் தொங்கவிடு" என்று காலிதா சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள், தொழுவத்தில் இருந்த இளங்கிடாரியின் கழுத்துமணியை அவிழ்த்துக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு போனாள். புதுமடத்தில் கதவுகள் திறந்தன. ஆனால் கள்ளியேந்தல் கண்மாய்க்கரையில் வேறு கூத்து நடந்தது. மணிச்சத்தம் கேட்டு மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கி, மந்தையாக வண்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கின. எத்தனை வருஷம் ஆட்டோடு நடந்தவளோ, திரும்பிப் பார்க்காமலே ஹை ஹை என்று குரல் கொடுத்து நிறுத்தியிருக்கிறாள். சோலையம்மாள் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்து, "அடியே இருளம்மா, பாலு விக்கப் போறியா, எங்க ஆட்டை விக்கப் போறியா?" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு ஊமை வண்டி என்று அவள் சொல்லவில்லை. ஊர் எல்லை தாண்டும்வரை மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவைப்பது என்று இருவருக்குள்ளும் முடிவானது.

ஆடி மாதம் கடல் காற்று எதிரில் அடிக்கும்போது வண்டி ஊர்ந்துதான் போகும். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். அவள் போகிறதற்கும் வருகிறதற்கும் எவ்வளவு சார்ஜ் தின்னும் என்று கணக்குத் தெரிந்து ஓட்டினாள்.

விலக்கில் போலீஸ்காரர்கள் அவளை நிறுத்துவது மட்டும் ஓயவில்லை. கப்பற்படை விமானத்தளம் பக்கத்தில் இருப்பதால் அங்கு நம்பர் இல்லாத வண்டியை விடமாட்டார்கள். இதற்கு நம்பர் தேவையில்லை என்று அவள் சொல்ல, தெரிந்தவர் இருந்தால் விடுவார், புதியவர் வந்தால் மறுபடியும் கேள்வி. கடைசியில் ஒருவர், நம்பர் பலகை வெறுமையாக இருந்தால் கண்ணை உறுத்தத்தான் செய்யும், எதையாவது எழுதி வையம்மா என்று யோசனை சொன்னார். என் கடைக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் இருந்தார். என்ன எழுத என்று கேட்டேன். எதையாவது எழுது என்றாள். முன்பக்கத்துப் பலகையில் வெள்ளையில் கறுப்பாக, ஒரே வரியில், ‘இருளம்மாள் பால்’ என்று ஒட்டவைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். உன் பேர் என்று சொன்னேன்.

அவள் வீடு கீற்றுக் கொட்டகை. குடிசைகளுக்கு அரசாங்கம் தருகிற ஒற்றை பல்பு இணைப்புதான் இருந்தது. மீட்டர் கிடையாது, பிளக் கிடையாது. சாயங்காலம் பல்பைக் கழற்றிவிட்டு, அதே ஹோல்டரில் மாட்டுகிற ஒரு பிளக்கைப் போட்டு அதிலிருந்து வண்டிக்கு ஒயர் இழுத்திருந்தாள். வண்டி சார்ஜ் ஏறுகிற வரையில் வீட்டில் விளக்கு இல்லை. கரண்ட் அடிக்கடி போய்விடுகிற வருஷம் அது. அதனால் இருந்த நேரமெல்லாம் வண்டிக்கே போனது. அந்த வீட்டில் பல மாதம் பல்பு எரியவே இல்லை. சிம்னி விளக்கு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, சார்ஜரின் சின்னச் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் வண்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பலகையில் விரலை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். தூசி துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

2009 பொங்கல் முடிந்து சில நாளில், பக்கத்து வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது என்று லைன்மேன் வீரபத்திரன் வந்தார். அவர் எனக்குத் தெரிந்தவர்; சட்டை என்னிடம்தான் தைப்பார். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, ஒயர் ஏன் இப்படிச் சுடுகிறது என்று தேடிக்கொண்டு இருளம்மாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். நானும் அப்போது அங்கே வந்து சேர்ந்தேன்.

"இது ஒத்த பல்பு கனெக்‌ஷன்த்தா. இதுல வண்டிக்குச் சார்ஜ் போடக்கூடாது. கீத்துக் கொட்டாய் வேற, ஒயரு பத்துனா தெருவே போயிரும். இன்னைக்கு நான் பார்த்தேன், சரி. நாளைக்கு அதிகாரி பார்த்தா லைனை வெட்டிருவாக" என்றார்.

அவரே பிளக்கைக் கழற்றி, மாடத்தில் கிடந்த பல்பை வேட்டியில் துடைத்து மாட்டி, சுவிட்சைப் போட்டார். வீடு முழுவதும் தெரிந்தது. மூலையில் மொபெட் தெரிந்தது. எதிர்ச்சுவர் ஆணியில் முனியசாமியின் நீலச் சட்டை தொங்கியது. நான் தைத்த சட்டை. காலர் ஓரத்தில் நூலாம்படை பிடித்திருந்தது. இருளம்மாள் சட்டையைப் பார்த்தாள். அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். பிறகு வெளியே போய் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டாள்.

வழியென்ன என்று வீரபத்திரனிடம் கேட்டேன். மீட்டரோடு புது இணைப்பு வாங்கினால் எதற்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றார். மனைப் பட்டா அரசாங்கம் கொடுத்தபோதே இருளம்மாள் பெயரில் கொடுத்தது. அதனால் சின்னச்சாமியிடம் போய் நிற்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் அவள் கைநாட்டு வைத்தால் போதும். அவ்வளவு சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன்.

"கைநாட்டுன்னா நான் வரலைண்ணே" என்றாள்.

"ஒரு விரலு வைக்கிறதுக்கு என்னத்தா?"

"அந்த மையை இனித் தொடமாட்டேன்."

அன்று தொழுவத்தில் கவிழ்த்த சொம்பு எனக்கு நினைவிருந்தது.

வண்டி நின்றது. சின்னச்சாமி விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் காலையிலேயே வந்தான். வாசலில் நின்றுகொண்டு, "நாஞ் சொன்னேன்ல மதினி, கரண்டு நின்னா வண்டி நிக்கும்னு. இனி மாட்டை நீ பாரு, ரோட்டை நான் பாக்கிறேன்" என்றான். ஏளனமாகச் சொல்லவில்லை, அவன் பேச்சே அப்படித்தான். அவள் கேன்களைத் தூக்கி அவன் வண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கைப்பிடியிலிருந்த மணியை அவிழ்த்துக் கிடாரியின் கழுத்திலேயே திரும்பக் கட்டினாள்.

நான் அவளை விட்டுவிடவில்லை. போகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மை இல்லாமல் பவுடரில் வைக்கலாமா என்று வீரபத்திரனிடம்கூடக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். புதுமடத்தில் தண்ணீர்ப் பால் என்று மறுபடியும் பேச்சு எழுந்தது. காலிதா வேறு ஆளிடம் பால் வாங்காமல், பவுடர் பாலில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருப்பதாகவும், அது வாயில் வைக்க விளங்கவில்லை என்றும் அவளிடம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். "காலிதா ராத்தாவுக்கு டீ கெட்டியா இருக்கணும்" என்றாள். வாடிக்கை போய்விட்டது என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

மாசி பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை, கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். இருளம்மாள் வாசலில் நின்றாள். ஆட்டோவில் வந்திருந்தாள். கையில் பட்டாவும் வீட்டு வரி ரசீதும் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தன.

"வாரியாண்ணே, கரண்டாபீசுக்குப் போவோம்."

மை என்று நான் தொடங்கினேன். வா என்றாள்.

அலுவலகத்தில் சண்முகவள்ளி என்ற அம்மா உட்கார்ந்திருந்தார்கள். காகிதங்களைப் பார்த்தார்கள். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அவர்கள் வழக்கம்போல் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கமாக நகர்த்தினார்கள். இருளம்மாள் அதைத் தொடாமல் புறங்கையால் திரும்ப நகர்த்தினாள். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். விறகுக் கட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள்.

எழுதவில்லை, வரைந்தாள். முதல் எழுத்துக்கே நேரம் ஆனது. பின்னால் நின்றவர் ஏதோ முனகினார். சண்முகவள்ளி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்கள். ‘இ’ வந்தது. ‘ரு’ வந்தது. பலகையில் இருந்த அதே அளவு, அதே சாய்வு. ‘ள’வுக்குப் பிறகு பேனாவைத் தூக்கி மூச்சு விட்டாள். புள்ளிகளை முதலில் வைத்துவிட்டு அதற்குக் கீழே எழுத்தைப் போட்டாள். கட்டம் போதவில்லை, தாளின் ஓரம் வரை போனாள். போய், நிறுத்தாமல் அடுத்த சொல்லையும் எழுதினாள். இருட்டில் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் துடைத்தது தூசி இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சண்முகவள்ளி அம்மா தாளைத் திருப்பிப் படித்தார்கள்.

"இருளம்மாள் பால்னு எழுதிருக்கீங்க. பாலு எதுக்கும்மா?"

"எங்கன இருக்கு பாலு?" என்றாள் இருளம்மாள். அவளுக்கு அது முழுவதும் ஒரே பெயர். எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒட்டவைத்த நானும் சொல்லவில்லை. நான் கடைசி இரண்டு எழுத்தை விரலால் மறைத்து, இதுவரைக்கும்தான் நீ என்றேன். அவள் என் விரலை எடுத்துவிட்டுத் திரும்பவும் முழுதாகப் பார்த்தாள்.

"இதையும் சேத்துத்தான் எனக்கு வரும்" என்றாள்.

அடித்துவிட்டு வேறு விண்ணப்பம் தரட்டுமா என்று கேட்டேன். சண்முகவள்ளி அம்மா வேண்டாம் என்றார்கள். "அவங்கவங்க போடுறதுதான் கையெழுத்து. ஆனா ஒண்ணும்மா, இனிமே எங்கன போட்டாலும் இப்படியேதான் போடணும். பாலை விட்டுறக் கூடாது."

"விடமாட்டேன்" என்றாள்.

முத்திரை விழுந்தது. மைப்பெட்டியை மூடினார்கள். கையெழுத்துக்குக் கீழே தேதி எழுத வேண்டும் என்றார்கள். அவளுக்கு எண் எழுத வராததால் பேனாவை என்னிடம் கொடுத்தாள். நான் எழுதினேன்: 18.2.2009.